மேட்டுப்பட்டிக்கு ஏறிய திராவகம்

தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்று கனம் பொருந்திய சர்க்காருக்கு வதந்தியாகத் தெரிந்திருந்தது. ஆதாரம் மட்டும் இல்லை.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அருப்புக்கோட்டை ஓரத்தில் புதிதாக ஒரு சாயப்பட்டறை கிளம்பியது. நூலுக்குச் சாயம் ஏற்றிய திராவகமெல்லாம் ஓடையில் இறங்கி, சுண்டங்குளத்து ஊருணியில் போய்ச் சேர்ந்தது. அந்த ஊரில் காப்பிக் கடை வைத்திருந்தவன் தனுஷ்கோடி. அவன் பாலில் அந்தத் தண்ணீரை ஊற்றினால் திரிந்துபோகும். ஊற்றாமல் விற்றுப் பழக்கமில்லை. ஊருணியில் குளித்த பிள்ளைகளுக்கு மேலெல்லாம் தடிப்பு. பால்காரி ராக்கம்மாளின் கன்றுக்குட்டி அதைக் குடித்துச் செத்த அன்றைக்கு ஊர் கூடி, மனுக் கொடுக்கத் தனுஷ்கோடியை அனுப்பியது.

விசாரிக்க வந்தவர் ஸ்பெஷல் ஆபீசர் தாவீதுராஜ், பட்டணத்தில் படித்தவர். எதற்கும் மாதிரி செய்து பார்ப்பது அப்போது பட்டணத்து மோஸ்தர். ஓடையை நேரில் போய்ப் பார்த்தால் பூட்ஸ் கெடுமே தவிர அறிவு வளராது என்று சொல்லி, ஆபீஸ் கொட்டகையில் களிமண்ணால் தாலுகாவையே செய்துவைத்தார். திராவகத்துக்குப் பதில் புளித்தண்ணீர். பட்டறையிலிருந்து ஊற்றினார்கள். அது சுண்டங்குளத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. களிமண் பிசைந்த ஆள் அசந்து அதன்மேல் உட்கார்ந்ததில் மேட்டுப்பட்டி அமுங்கிக் கிடந்தது. புளித்தண்ணீர் அங்கே போய்க் குளமாக நின்றது.

உத்தரவு பறந்தது. மேட்டுப்பட்டிக் கிணறு புளித்துவிட்டபடியால் மூடப்பட்டது. அவ்வூராருக்கு வண்டியில் பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீர். சுண்டங்குளத்து ஊருணி இனிப்பானதென்று தீர்மானமாகி, கன்று செத்ததற்கு வேறு காரணம் காட்டும்படி ராக்கம்மாளுக்கு நோட்டீஸ் வந்தது.

தனுஷ்கோடி ஒரு செம்பு ஊருணித் தண்ணீரோடு போய் நின்றான். ஆபீசர் ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது, கண்ணில் நீர் முட்டியது.

“புளிக்குதுங்களா அய்யா?”

“புளிக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரமில்லை. மாதிரியில் வராத திராவகம் உம்ம ஊருக்கு எப்படி வரும்?”

“ஓடை வழியா வருதுங்க.”

“அது முறையான வழி அல்ல.”

ஆபீசர் வாய் கொப்பளிக்க எழுந்து போனார். தனுஷ்கோடி அக்கம்பக்கம் பார்த்தான். குனிந்து, களிமண்ணில் பட்டறையிலிருந்து சுண்டங்குளம் வரைக்கும் கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தான்.

மறுவாரம் கலெக்டர் முன்னிலையில் ஊற்றியபோது புளித்தண்ணீர் சமர்த்தாகச் சுண்டங்குளத்தில் விழுந்தது. விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது என்றார் கலெக்டர். ஊருக்குத் தண்ணீர் வண்டி வந்தது.

சேதி நிற்குமா? ரெட்டியபட்டிக்காரர்கள் ஆபீசரைக் கும்பிட வந்தார்கள். பிறகு பந்தல்குடிக்காரர்கள், பாளையம்பட்டிக்காரர்கள். கும்பிட்ட கையிலெல்லாம் களிமண். மாதிரியில் தாலுகா முழுக்கப் புளித்தது. அத்தனை பேர் விரல் பட்ட நெரிசலில் மாதிரிச் சாயப்பட்டறை நசுங்கி மண்ணோடு மண்ணாகிவிட்டது.

திராவகம் எங்கும் பரவியிருக்கிறது, புறப்படும் இடம் யாதொன்றும் காணப்படவில்லை என்று தாவீதுராஜ் கண்டுபிடித்தார். உறுதி செய்துகொள்ள முதல் மனுதாரனைக் கூப்பிட்டனுப்பினார். தனுஷ்கோடியோடு ராக்கம்மாளும் துணைக்கு வந்தாள்.

“ஓடைக்கரையில் சாயப்பட்டறை ஏதும் உண்டா?”

ஜன்னல் வழியே வந்த சாய நெடியில் தனுஷ்கோடிக்குத் தொண்டை கமறியது. உண்டு என்றால் மாதிரி பொய். மாதிரி பொய் என்றால் வண்டி நின்றுபோகும். ராக்கம்மாளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“அப்படி ஒண்ணும் கிடையாதுங்க அய்யா” என்றான்.

மற்ற ஊர்க்காரர்களும் அதையே சொன்னார்கள். ஓடைக்கரை வெற்றிடமாகக் கிடப்பது பொதுஜன சாட்சியத்தால் நிரூபணமானபடியால், அங்கே புதிதாக மூன்று சாயப்பட்டறைகள் வைத்துக்கொள்ளச் சர்க்கார் அனுமதி கொடுத்தது.