சாமி குதிரையின் துணியும் அண்ணன் பெயரும்

மதிப்பிற்குரிய அண்ணன் சத்தியசீலன் அவர்களுக்கு,

கூலிமிலிருந்து தங்கை உமையாள் வணக்கத்துடன் எழுதுவது. மெர்கோங்கில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்தத் தொடங்குவீர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

ஷீலா அண்ணியின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்கு, நம் தோட்டத்து முனீஸ்வரரின் சிமெண்டுக் குதிரைக்குப் பட்டுத்துணி சாத்துவதாக நேர்ந்துகொண்டு, தைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தீர்கள். நான் சும்மா தைத்திருக்கலாம். குதிரைத் துணிக்கென்று தனிப்பெயர் உண்டா என்று தேடப்போய், 'ஷப்ராக்' என்ற சொல்லில் விழுந்தேன். துருக்கியர் 'சாப்ராக்' என்றார்களாம். அவர்களோடு சண்டையிட்ட ஹங்கேரியக் குதிரைப்படை அதை எடுத்துக்கொள்ள, ஜெர்மனி, பிரான்சு என்று சுற்றி ஆங்கிலத்துக்கும் வந்திருக்கிறது. எதிரியின் துணியைப் போர்த்திக்கொண்டு அவன் வைத்த பெயராலேயே அதை அழைப்பது எப்படிப்பட்ட பகை என்று யோசித்து இரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. சேணத்துக்கு அடியில் அல்ல, மேலே விரிப்பார்களாம். பின்மூலைகள் கூராக நீண்டு தொங்கும். அங்கே மன்னனின் பெயரெழுத்து. சேறு தெறிப்பதும் அங்கேதான் இருந்திருக்கும். நானும் பின்மூலையைக் கூராக இழுத்து, நீங்கள் கேட்டபடி உங்கள் பெயரை ஜரிகையில் தைத்தேன்.

நான் அளவெடுத்த அன்று குதிரைமேல் பதினொரு துணி இருந்தது. ஒருவர் நேர்ந்து சாத்தியதை இன்னொருவர் எடுக்கமாட்டாரே, அத்தனைக்கும் மேலேயே டேப்பை வைத்து அளந்துவிட்டேன். போன வாரம் திருவிழாவுக்காகக் குதிரைக்குச் சாயம் அடிக்க, பூசாரி பரஞ்சோதி, சாமியிடம் உத்தரவு கேட்டு எல்லாவற்றையும் இறக்கினார். உள்ளே இருந்தது ஒல்லிக் குதிரை, அண்ணா. இத்தனை வருஷம் நாம் கும்பிட்ட தொப்பை துணியுடையது.

நான் தைத்ததைப் போட்டுப் பார்த்தோம். "என்னக்கா, குதிரைக்கு மலாய்க்காரப் பொண்ணுங்க போடுற மாதிரி தொளதொளன்னு பாஜு கூரோங் தச்சிட்டீங்களா?" என்றார் பரஞ்சோதி. அந்த நேரம் பார்த்துக் கும்பிட வந்த குணசுந்தரி, "ஐயோ அக்கா, ஒங்கண்ணன் பேரு மேலயே செருப்ப வுட்டுட்டேன் லா!" என்று அலறினாள். பின்மூலை அவ்வளவு தூரம் தரையில் கிடந்தது. குதிரைப்படைக்காரர்கள் வயிற்றைச் சுற்றி வார் கட்டி இறுக்குவார்களாம். நம் குதிரைக்கோ வயிற்றுக்கடியில் முட்டுத்தூண், வார் சுற்ற வழியில்லை.

இப்போது ஒரு முழம் வெட்ட வேண்டும். நேர்ந்தவர் சம்மதமில்லாமல் கத்தரி வைக்கக்கூடாது என்கிறார் பரஞ்சோதி. அந்த ஒரு முழத்தில்தான் உங்கள் பெயர் இருக்கிறது. அந்தக் காலத்தில் சேறு படிந்த மூலையைத் துவைத்த சிப்பாய், மன்னன் பெயரைப் பற்றி என்ன நினைத்திருப்பான்? நீங்கள் சரி என்று எழுதினால்தான் கத்தரியைத் தொடுவேன்.

அண்ணிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுங்கள். முனீஸ்வரர் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும் தங்கை,
உமையாள்

பின்குறிப்பு: நேற்றே வெட்டிவிட்டேன். திருவிழாவன்று திட்டுவதானால் குதிரைக்குப் பக்கத்தில் நின்று திட்டுங்கள். சாமி எதிரில் நீங்கள் குரலை உயர்த்தமாட்டீர்கள். சம்மதம் அண்ணி தொலைபேசியில் கொடுத்தார்: "கத்தி வச்சது எனக்கு, பேரு மட்டும் அவருக்கா? வெட்டு லா, உமா!"