மேடையில் ஸ்பானிஷ்

"நாலாம் வகுப்பு அனுப்பிரியாவோட அப்பா ராபர்ட் லீவுல வந்திருக்காரும்மா. அஞ்சு வருஷமா ஸ்பெயின்ல வேலை. நாளைக்கு உங்க கிளாஸ்ல உக்காந்து, பிள்ளைங்க ஸ்பானிஷ் பேசறதப் பாக்கணுமாம்," என்றார் கரஸ்பாண்டன்ட் சிங்காரம்.

சிவப்ரியா மிஸ் தப்பிக்க வழி தேடினாள்.

அவள் படித்தது தாவரவியல். கடலூரில் ஏதோ ஒரு பள்ளியில் பிரெஞ்சு வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே, சிங்காரம் சிதம்பரத்தில் தன் பள்ளி வாசலில் போர்டு மாட்டிவிட்டார்: சின்ன வகுப்புகளுக்கு ஸ்பானிஷ், ஆறு முதல் எட்டு வரை மாண்டரின். யார் நடத்துவது என்பதை மாட்டிய பிறகுதான் யோசித்தார். யோசித்து இவளைக் கைகாட்டினார்.

புவனகிரியில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்குவதற்குள் செல்போனில் எவ்வளவு கற்றுக்கொள்கிறாளோ அவ்வளவுதான் அன்றைய பாடம். டிரைவர் வேகமாக ஓட்டிய நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம் குறைந்தது. உண்மை வெளியே வந்தால் வேலை போகும். மகள் பிரீதாவுக்கு இங்கே கிடைத்திருக்கும் இலவசப் படிப்பும் சேர்ந்தே போகும். பாவம், அதற்காகத்தான் இதற்கு ஒப்புக்கொண்டாள்.

"சார், ஸ்பானிஷ் போர்ஷன் முடிஞ்சிடுச்சு. இப்ப மாண்டரின்தான் ஜாஸ்தி ஓடுது..."

"அப்ப ரெண்டையும் வெச்சிடுவோம். கிளாஸ்ல எதுக்கு? வெள்ளிக்கிழமை மேடை போட்டு எல்லாப் பேரன்ட்ஸையும் கூப்புடறேன்."

"ஐயோ, அவ்ளோ கூட்டத்தப் பாத்தா பிள்ளைங்க பயந்துடுவாங்க சார்!"

"அதுவும் சரிதான். பிள்ளைங்க கீழ உக்காந்து பாக்கட்டும். நீங்களும் ராபர்ட்டும் மேடையில ஸ்பானிஷ்ல பேசுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முன்வரிசையில் ராபர்ட்டின் மனைவி மங்கலம், அனுப்பிரியா, பக்கத்தில் பிரீதா. சிவப்ரியா மைக்கைப் பிடித்து, பஸ்ஸில் படித்த மூன்றே கேள்விகளைக் கேட்டாள். பெயர் என்ன, ஊர் எது, சௌக்கியமா. ராபர்ட் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு மடை திறந்த மாதிரி பேசினார். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் தலையாட்டினாள். கைதட்டல் அடங்கவே இல்லை. மங்கலம் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டியது பிரீதாதான். அதைத்தான் சிவப்ரியாவால் தாங்க முடியவில்லை. இந்த மனுஷருக்கு நம் லட்சணம் தெரிந்திருக்கும். அவர் போய்ச் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடுவோம் என்று, கை கழுவும் குழாயடியில் அவரைப் பிடித்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும்..."

"மெதுவா பேசுங்க டீச்சர்." ராபர்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். "எல்லாம் தெரிஞ்சும், என் வீட்டுக்காரி முன்னாடி காட்டிக்குடுக்காம தலையாட்டுனீங்களே, சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஏஜென்ட் ஏமாத்திட்டான், நான் இருக்கறது கோவாவுல. மேடையில பேசுனது பூரா கொங்கணி."