காலையில் ஒரு கால், சாயங்காலம் ஒரு கால்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் கோபமும் கலந்து அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது.

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இவரும் பிள்ளைகளும் சுகம். நானும் சுகம்தான், காலை வேளைகளில். சாயங்காலத்தில் கேட்டால் பதில் வேறு.

கோபம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நீ எங்கள் வீட்டுக்கு அத்தானின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவசரத்தில் மாறிப்போய்விட்டது என்றாய். செருப்புக் கடையில் வேலை பார்க்கிற நானும் அதை நம்பி, இரண்டாவது காப்பி போட உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்தப் பாடு பட்டிருப்பேனா? சமையல் குறிப்பிலிருந்து மாமியாரைச் சமாளிப்பது வரை எல்லாம் சொல்லிக்கொடுத்தவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு மாதவிலக்கு ஒழுங்கு தப்பி ஒரு வருடமாகிறது. வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். போகிற போக்கில் இத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போகும் என்று யார் கண்டது? காலையில் கழலுகிற மோதிரம் மதியம் கழலுவதில்லை. சாயங்காலம் ஆனால் கணுக்கால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. வயிறு உப்பிக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸில் ஒரு பெண் சட்டென்று எழுந்து, "உக்காருங்கக்கா, இந்த நேரத்துல நிக்கக் கூடாது" என்றாள். எந்த நேரத்தில் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் முகம் வாடிப்போகும், தவிர எனக்குக் கால் வலித்தது. உட்கார்ந்துவிட்டேன். திடீர் திடீரென்று உள்ளுக்குள் யாரோ அடுப்பு பற்றவைத்த மாதிரி சூடு கிளம்புகிறது. நான் ஜன்னலையெல்லாம் திறந்து மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பேன், இவர் ஸ்வெட்டரும் மப்ளரும் மாட்டிக்கொண்டு சாப்பிட உட்காருவார். ஏன் என்று ஒரு கேள்வி கிடையாது. அந்த மட்டில் நல்ல மனிதர்.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். என் வேலை உனக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் பட்டறை. மாஸ்டர் செருப்பு தைத்து முடித்ததும் ஒரு ஜோடி என் காலுக்கு வரும். நான் போட்டு நாலு எட்டு நடந்து சரி என்றால்தான் மற்றவை கடைக்குப் போகும். அதாவது, ஆறாம் நம்பர் என்றால் என் கால்தான். "இந்தம்மா கால் பொய் சொல்லாது" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். எனக்கும் உள்ளூர ஒரு கர்வம் உண்டு. இந்த வருடம் புதுச் செருப்பு வந்தது, போட்டேன், காலை இறுக்கிப் பிடித்தது. பிடிக்கிறது என்றேன். மாஸ்டர் வாங்கிப் போய்ப் பெரிதாகத் தைத்தார். அதுவும் பிடித்தது. இன்னும் பெரிதாகத் தைத்தார். ஒரு சாயங்காலம் போட்டுப் பார்த்து, "இப்பத்தான் சரியா இருக்கு" என்று அனுப்பிவைத்தேன். அதோடு கடையின் பெயர் நாறிப்போனது. வாங்கிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், நடந்தால் செருப்பு பின்தங்குகிறது என்று. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை ஒருவர், பரிசு கொடுக்க மேடை ஏறியபோது செருப்பு படியிலேயே நின்றுவிட, அவர் மட்டும் மேலே போயிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் அந்தச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னாலும், கையில் அளவு போய்விட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அக்கா, எனக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பு அவர் கையில் இல்லை, என் காலில். என்னால் ஒரு மனிதரின் பிழைப்பு போகிறது. சொல்ல வேண்டும். ஆனால் எதிரே முதலாளியும் கடைப் பையன்களும். கட்டின புருஷனிடமே சொல்லாததை இங்கே எப்படிச் சொல்வது?

"மாஸ்டர் மேல தப்பு இல்ல முதலாளி. என் கால் மாறிப்போச்சு" என்றேன்.

"கால் எப்படிம்மா மாறும்? இந்த வயசுல வளருமா?"

"வளரல, வீங்குது. எனக்கு மாதவிலக்கு நிக்கிற சமயம். காலையில ஒரு கால், சாயங்காலம் ஒரு கால்."

முதலாளி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். கடைப் பையன்கள் ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கினார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்து உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டது, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா, சில்லறையை எண்ணிக்கொண்டே புருஷனிடம் சொன்னார்: "நான் ஒரு வருஷமா இந்த மேஜைக்குக் கீழ வெறுங்காலோடதான் உக்காந்திருக்கேன். குனிஞ்சு பாருங்க." முதலாளி உண்மையாகவே குனிந்து பார்த்தார். தலைமை ஆசிரியை கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு, காலை நுழைத்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, இப்போது சரியாகத்தான் இருக்கிறது, தான் மேடை ஏறியது காலையில் என்றார். செருப்பைத் திருப்பிக் கொடுக்காமலே போய்விட்டார்.

மாஸ்டரின் வேலை தப்பியது. என் பதவி போனது. இனிமேல் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கால்தான் ஆறாம் நம்பர். நியாயம்தான், ஆனாலும் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். முதலாளியம்மா என்னைத் தேடி வந்து தானும் கொஞ்சம் அழுதார், பிறகு இருவருமாக டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம், சிறுநீர், பிரஷர், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு வேறு கோளாறு இல்லை என்றார். உப்பைக் குறை, தினமும் நட, உட்காரும்போது காலைத் தூக்கி வை, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஓடி வா என்றார். வீட்டில் இவரிடமும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உப்பு டப்பாவை ஒளித்துவைக்கிறார். ஒளித்த இடம் அவருக்கே மறந்துபோகிறது.

மூன்றாவதாகத் தைத்த அந்தப் பெரிய செருப்பில் ஒரு ஜோடி உனக்கு அனுப்பியிருக்கிறேன். சாயங்காலத்தில் போட்டுக்கொள். அத்தானின் செருப்பை அவரிடமே கொடுத்துவிடு, பாவம். அவருக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள். கோபத்தில் பாதி எழுதும்போதே தீர்ந்துவிட்டது. மீதியை நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
பதவி இழந்த உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மாஸ்டர் வந்தார். முதல் தடவை நான் பிடிக்கிறது என்றது முழு உண்மையாம். கொஞ்ச காலமாக அவருக்குச் செருப்பு தைக்கிற மர அச்சில் இருக்கும் எண் மங்கலாகத் தெரிகிறதாம், ஐந்தாம் நம்பர் அச்சை எடுத்துத் தைத்துவிட்டாராம். கண் போய்விட்டது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறார். "நீங்க அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களேம்மா, அப்புறமும் நான் மறைச்சா நல்லா இருக்காது" என்றார். ஆக, முதல் தடவை என் கால் பொய் சொல்லவே இல்லை, பாதித் தப்பு அவர் கண்ணுடையது, நான்தான் ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை, சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்குக் கண்ணாடி வாங்கத் துணைக்குப் போகிறேன். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் போட்டுக்கொள்ள எனக்குச் செருப்பு இல்லை, உனக்கு அனுப்பியதுதான் கடையில் மிஞ்சியிருந்த கடைசி ஜோடி.