பின்வரிசைக்குப் பட்டன் கிடையாது

"நாலா, அஞ்சா?" என்றார் டைரக்டர்.

உடைகளுக்குப் பொறுப்பான காஸ்ட்யூமர் தலையைச் சொறிந்தார். அந்தக் காலத்து ஆற்றுப்பாலச் சண்டையில் சிப்பாய்களின் சட்டைக்கு எத்தனை பட்டன் என்பதுதான் கேள்வி. கிடைத்த ஒரே போட்டோவில் படுபாவிகள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இருவரும் சேர்ந்து செய்த போன படத்தில், ஜிப் கண்டுபிடிக்கப்படாத காலத்துத் தளபதி ஒருவர் ஜிப் வைத்த கால்சட்டையோடு உயிரை விட்டார். தியேட்டரே சிரித்தது. 'இன்னொரு தப்பு நடந்தா உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்' என்று சொல்லித்தான் டைரக்டர் இந்தப் படத்தில் இவரைச் சேர்த்துக்கொண்டார். வேலை போனால் அதை வீட்டில் மனைவியிடம் சொல்ல வேண்டும். அதற்குப் போரே தேவலை.

"சார், எங்க தெரு சலூனுக்கு ஒரு பெரியவர் வருவார். அந்தச் சண்டையில இருந்தவராம். கதை கதையாச் சொல்வார். கூட்டிட்டு வரட்டுமா?" என்று வாயைக் கொடுத்தார் காஸ்ட்யூமர்.

பெரியவர் வந்தார். நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். அணிவகுத்து நின்ற துணை நடிகர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"முன்வரிசைக்கு அஞ்சு பட்டன், தம்பி. பின்வரிசைக்குப் பட்டனே கிடையாது. ஊக்குதான்."

"பட்டனே கிடையாதா?"

"எங்க இருந்து வரும்? இல்லைன்னு கையை விரிச்சிட்டாங்களே."

டைரக்டருக்குப் புல்லரித்தது. "தட்டுப்பாடு! எந்தச் சரித்திரப் புத்தகத்துலயும் இது இல்லை, கவனிச்சியா?"

காஸ்ட்யூமர் கவனித்தார். மாங்கு மாங்கென்று தைத்த பட்டன்களைத் தானே உட்கார்ந்து பிய்த்தார். ஊக்கு குத்தி மூன்று சிப்பாய்கள் காயமடைந்தார்கள். படத்தில் சிந்திய முதல் ரத்தம் அதுதான்.

மறுநாள் பெரியவர் சிப்பாய்களின் கால்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பின்னாடி நிக்கறவனுக்கு ஏது பூட்ஸு? வெறுங்கால்ல முட்டி வரைக்கும் கறுப்பு மை பூசிக்குவோம்."

"எதிரி கண்ணுல படாம இருக்க!" என்றார் டைரக்டர், குரல் தழுதழுக்க.

மை வெயிலில் உருகியது. அரிப்பு எடுத்தது. எதிரியின் மேல் பாய வேண்டிய படை உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தது.

"மனுஷனாண்ணே நீங்க?" என்று ஒருவன் கேட்டான். காஸ்ட்யூமர் வாதாடவில்லை.

அதற்கடுத்த நாள், துப்பாக்கியும் முன்வரிசைக்கு மட்டும்தான் என்று தெரியவந்தது. மற்றவர்களுக்கு வர்ணம் அடித்த கட்டை.

"கட்டையை வச்சுக்கிட்டா ஐயா சண்டைக்குப் போனீங்க?" என்று டைரக்டர் அழுதேவிட்டார். பெரியவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

காஸ்ட்யூமர் பெரியவரைத் தனியே இழுத்துப் போனார். "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதுக்கு மேல எதையும் ஞாபகப்படுத்திக்காதீங்க. என் வேலையே போயிடும்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

ரோஷத்தோடு பெரியவர் நேரே டைரக்டரிடம் போனார். "முக்கியமானதை மறந்துட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் நாங்கள்லாம் எதிரி சட்டையை மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவோம்."

டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். "உளவு! அதுவும் பட்டப்பகல்ல!"

கதை அங்கேயே மாறியது. விடிந்தால் படை மொத்தத்துக்கும் எதிரி உடை வேண்டும்.

"ஒரே நாள்ல எப்படி சார்?"

"முடியலைன்னா சொல்லிடு. வேற ஆள் பாத்துக்கறேன்."

காஸ்ட்யூமர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பெரியவரைக் கூட்டிவந்த நேரத்தை நினைத்து அழுகை வந்தது.

அந்தச் சமயத்தில்தான், பெரியவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த பிரஷர் மாத்திரையோடு அவர் மனைவி செட்டுக்கு வந்தார். டைரக்டர் ஓடிப்போய்த் தன் நாற்காலியையே கொடுத்தார்.

"நல்லாப் பாருங்கம்மா. ஐயா சொன்னதுல ஒரு துளி மாத்தலை. எல்லாம் அப்படியே செஞ்சிருக்கோம்."

அந்த அம்மாள் ஊக்குகளைப் பார்த்தார். மை பூசிய கால்களையும் கட்டைகளையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, அச்சு அசலா அதேதான்! கல்யாணமான புதுசுல இவர் கும்பல்ல நின்னு நடிச்சாரே ஒரு சண்டைப் படம், அந்த ஷூட்டிங்குக்கே திரும்ப வந்த மாதிரி இருக்கு. பாவம், கையில காசில்லாத கம்பெனி, படம் வெளியவே வரலை."