கடை வாசலில் தொங்கிய வெள்ளைத் துணி

பயந்தாங்கொள்ளிகள் சும்மா இருந்தால் ஒருவருக்கும் கேடில்லை. பயத்தைப் போக்குகிறேன் என்று ஏதாவது செய்ய வெளிக்கிடும்போதுதான் நாசம். நான் அப்படி வெளிக்கிட்டவன்.

படிப்பு முடித்து எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்த எனக்கு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் ஸ்காபரோவில் அக்கோசுவா என்ற கானா நாட்டுப் பெண் வேலை தந்தார். வீட்டுப் பொருட்கள் விற்கும் புதுக்கடை. சுவர் மாம்பழ நிறம், கிண்ணங்கள் கருநீலம், குஷன்களில் கட்டம் கட்டமாகப் பச்சையும் ஊதாவும். எந்த நிறம் எங்கே என்று எல்லாவற்றையும் தன் ஊர் முறைப்படி அவரே வரைந்து வைத்திருந்தார். (என் வேலை, காட்டிய இடத்தில் ஆணி அடிப்பது.)

திறப்புவிழாவுக்கு முதல்நாள், வாசலில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டார். எங்கள் ஆட்கள் வாசலில் வெள்ளை கட்டுவது செத்தவீட்டுக்கு. கடை படுத்தால் என் வேலையும் போச்சு. ஏன் வெள்ளை என்று அவரிடமே கேட்டிருக்கலாம். முதலாளியிடம் கேள்வி கேட்கவும் பயம்.

மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

“புதுத்துணிக்கு நுனியில மஞ்சள் பூசினாச் சரி மோனை. ஒரு பொட்டுக் காணும், கனக்க வேண்டாம்.”

சொன்னதோடு நிற்காமல் யோகட் பேணியில் மஞ்சளைக் கரைத்தும் தந்தார்.

மறுநாள் காலை அக்கோசுவா கேக் எடுக்கப் போன நேரம் பார்த்துத் துணியை நெருங்கினேன். திரும்பித் திரும்பி வீதியைப் பார்த்துக்கொண்டு பூசியதில் பேணி முழுவதும் துணியில் ஊற்றுப்பட்டது. விற்பனைக்கு அடுக்கியிருந்த ஆபிரிக்கக் கறுப்புச் சவர்க்காரத்தில் ஒன்றை எடுத்து, தண்ணீர் தொட்டு, உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சினேன். மஞ்சள் போகவில்லை, சிவந்தது. உரஞ்ச உரஞ்ச இரத்தச் சிவப்பு. (மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது உடுப்புத் தோய்க்கிற எல்லாருக்கும் தெரியுமாம். எனக்கு இருபத்துமூன்று வயதுவரை அம்மாதான் தோய்த்தார்.)

கேக் பெட்டியோடு வந்த அக்கோசுவா வாசலிலேயே நின்றுவிட்டார். மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்.

“யார் செத்தது?”

பிறகுதான் விளங்கப்படுத்தினார். அவர்கள் ஊரில் வெள்ளை சந்தோஷத்துக்கு. பிள்ளை பிறந்தால் வெள்ளைதான் உடுப்பார்கள். சிவப்புத்தான் செத்தவீட்டுக்கு. இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் அவருடைய சொந்தக்காரர் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

பொய் சொல்லவும் துணிவில்லாததால் எங்கள் செத்தவீடு, அம்மா, மஞ்சள் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேக்கைக் கீழே வைத்தார்.

“வேலை வேண்டுமென்றால், ஒரு மணித்தியாலத்துக்குள் வெள்ளைத் துணியோடு வா.”

வீட்டுக்குப் பறந்தேன். கண்ணில் பட்ட ஒரே நீள வெள்ளைத் துணி, அன்று போகவிருந்த ஒரு கலியாணத்துக்கென்று அயன் பண்ணிக் கட்டிலில் விரித்திருந்த அப்பாவின் சரிகைக்கரைப் பட்டு வேட்டி. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாம்பழச் சுவருக்குப் பக்கத்தில் அந்தச் சரிகை மினுங்கிய மினுக்கத்தைப் பார்த்து, வந்தவர்கள் இது கானாவில் எந்த ஊர் நெசவு என்று கேட்டார்கள். அக்கோசுவா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்பா கலியாணத்துக்கு வேட்டிக்குப் பதில் களிசான் போட்டுக்கொண்டு போனார்.

வேலை தப்பியது, இன்றும் அங்கேதான். என் பயம் மட்டும் அப்பாவுக்குத் தொற்றிவிட்டது. பக்கத்துப் பிளாசாவில் புதுக்கடை திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், உடனே அம்மாவைக் கூப்பிடுவார்.

“உவன் வீட்டில நிக்கிறானோ? என்ர வேட்டியளை எடுத்துப் பூட்டி வையும்.”