பலகையில் இல்லாத ஊர்

மழை தவறினாலும் ஊர்வலம் தவறாத நாடு ஒன்று இருந்தது. மேகமங்கலம் என்று அதற்குப் பெயர். அங்கே ஒரு வழக்கம்: எதையும் முதல்முறை பார்க்கும்போது மனத்தில் என்ன படுகிறதோ அதுவே முடிவு. பெண் பார்த்தாலும் மாடு பார்த்தாலும் ஒரே பார்வைதான். மறுமுறை பார்த்து மனம் மாறுவது இராஜத் துரோகம். மன்னர் கீர்த்திவளவரையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலன்று வெள்ளைக் குதிரையில் வந்தார், ஆள் எடுப்பாக இருந்தார், அத்தோடு முடிந்தது.

மன்னரின் பிறந்தநாளுக்கு அண்டை நாட்டு அரசர் ஒரு விளையாட்டை அனுப்பிவைத்தார். பெட்டியைத் திறந்தால் கறுப்பு அட்டைப் பலகையில் ஆகாயம் விரிந்தது. கோள்கள், விண்மீன்கள், விரல் நீளத்தில் மரக் கப்பல்கள், தண்ணீருக்கு நீலக் கட்டை, தானியத்துக்கு மஞ்சள் கட்டை, தலையணைப் பருமனில் ஒரு விதிப்புத்தகம். கப்பலை ஓட்டிக் கோள்களைப் பிடிக்க வேண்டும். அதிகம் பிடித்தவர் பேரண்டத்தின் அதிபதி. மன்னரும் பேரமைச்சர் திருவேங்கடரும் படைத்தலைவரும் ஆட உட்கார்ந்தார்கள். மன்னர் முதல்முறை ஆடுகிறார் என்பதால் அவர் வாயிலிருந்து விழுவதெல்லாம் சட்டம். எழுத்தர்கள் எழுத்தாணியோடு சுற்றி நின்றார்கள்.

"விதிகள் மிகுதியாக உள்ளன," என்றார் மன்னர். "தோற்பவர்கள் படித்தால் போதும்."

வெல்பவர்களை எந்த விதியும் கட்டாது என்று அன்று மாலையே முரசறைந்தார்கள்.

பிறகு அவர் கோள்களைப் பார்த்து வியந்தார். "நிலம் இருக்கிறது, தாது இருக்கிறது, முறையிட மட்டும் ஒருவரும் இல்லை. ஆட்சி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்."

முறையிட வருகிறவர் வராதவராகவே கருதப்படுவார் என்று அடுத்த சட்டம் வந்தது.

ஆட்டத்தின் நடுவில் மன்னருக்கு நீலக் கட்டைகள் தீர்ந்தன. தண்ணீர் இல்லாமல் கப்பல் நகராது என்பது விதி. வெல்பவரை விதி கட்டாதுதான்; ஆனால் மன்னர் அப்போது தோற்றுக்கொண்டிருந்தார். திருவேங்கடர் எழுந்து வணங்கினார்.

"வேந்தே, பலகையில் தீர்ந்தால் என்ன? நாட்டில் இருக்கிறதே."

"நல்ல ஆட்டம்," என்றார் மன்னர்.

பெரிய ஏரியின் மதகுகள் அடைக்கப்பட்டன. ஏரித் தண்ணீர் விண்கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது. மிச்சம் ஏதாவது இருந்தால் யாருக்கு என்று தீர்மானிக்க, ஊருக்கு ஒரு பச்சைக் கட்டை செய்து பலகையின் ஓரத்தில் அடுக்கினார்கள். பலகையில் உள்ள ஊருக்குத்தான் தண்ணீர். மன்னர் ஒரு கோளைப் பிடிக்கும்போதெல்லாம் தெருத்தெருவாக வேட்டுப் போட்டார்கள். காய்ந்த வாய்க்காலில் நின்றுகொண்டு சனங்களும் கைதட்டினார்கள். எனக்கு மனம் ஆறவே ஆறாதது அந்தக் கைதட்டலை நினைத்தால்தான். கூரையேறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானமேறி வைகுண்டம் போவானா என்று கேட்க அந்த நாட்டில் ஒரு நாதியில்லை.

ஏரிப் பாசனத்தின் கடைசி ஊர் கீழ்மடை. செங்கமலத்துக்கு அங்கே ஒரு துண்டு வயல். கதிர் பால் பிடிக்கும் நேரம். இப்போது தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் பதர். அடுத்த அறுவடை வரை அவள் வீட்டில் உலை கொதிப்பது அந்த வயலை நம்பித்தான். அவள் அரண்மனைக்கு நடந்தாள். காவலர்கள் தடுக்கவில்லை, சட்டப்படி அவள் வரவே இல்லை.

மன்னர் கன்னத்தில் கையூன்றி ஒரு கோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மதகத் தொறந்துவிடச் சொல்லுங்கய்யா," என்றாள் செங்கமலம். "கதிரு பால் புடிக்கிற நேரம். ஒரு நனைப்புத் தண்ணி விட்டாப் போதும், பொழச்சுக்குவோம்."

"எந்த ஊர்?" என்றார் திருவேங்கடர்.

"கீழ்மடைங்க."

அவர் பலகையை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியோர் ஊர் பலகையில் இல்லையே."

"பலகையில இல்லன்னா என்னங்கய்யா? நான் அங்கேருந்துதான வர்றேன்."

படைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "மேசை ஆடிக்கொண்டிருந்தது. முட்டுக்கொடுக்க ஒரு கட்டை தேவைப்பட்டது."

செங்கமலம் குனிந்து பார்த்தாள். மேசைக் கால் ஒன்றின் அடியில் ஒரு பச்சைக் கட்டை நசுங்கிக் கிடந்தது.

"நீங்கள் பெருமைப்பட வேண்டும், அம்மா," என்றார் திருவேங்கடர். "பேரண்டத்தையே உங்கள் ஊர்தான் தாங்குகிறது."

"அத எடுத்து மேல வச்சிருங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எடுத்தால் பலகை சாயும். மன்னர் பிடித்த கோள்களெல்லாம் என்ன ஆவது? நாட்டுப்பற்று வேண்டாமா?"

நாட்டுப்பற்றோடு அவளைத் திருப்பி அனுப்பினார்கள். கீழ்மடை வயல்கள் பதராயின. செங்கமலம் தன் பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டாள். ஒரு விளையாட்டுக்காக ஒருத்தியின் வருஷத்துச் சோற்றைப் பிடுங்கினார்கள் என்பதைச் சாந்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

கோடையில் தேர்தல் வந்தது. தண்ணீர் வராத கீழ்மடைக்கு வாக்குப்பெட்டி வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. கூடவே மன்னரின் ஆளுயரப் படமும் வந்தது. இம்முறை குதிரை இல்லை. வெள்ளி உடுப்பு, தலையில் கண்ணாடிக் கூண்டு, பின்னால் விண்மீன்கள். இந்தக் கோலத்தில் மன்னரை யாரும் இதற்குமுன் பார்த்ததில்லை. ஆகவே இதுவும் முதல் பார்வைதான் என்று அறிவித்திருந்தார்கள்.

ஊரே வரிசையில் நின்றது. செங்கமலத்துக்குப் பின்னால் நின்ற பச்சைமுத்து, அவளுக்குப் பக்கத்து வயல்காரர், படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆளு எடுப்பாத்தான் இருக்காரு," என்றார்.

செங்கமலம் தேர்தல் அதிகாரியிடம் கேட்டாள். "ஏங்கய்யா, எங்க ஊருதான் பலகையிலயே இல்லன்னாங்களே. பொட்டிக்கு மட்டும் எப்படி வழி தெரிஞ்சுது?"

"அது வேறு துறை, அம்மா. படத்தைப் பார்த்தாயிற்று அல்லவா? நகருங்கள்."

செங்கமலம் நகரவில்லை. தலையை உயர்த்தி மறுபடியும் படத்தைப் பார்த்தாள். கண்ணாடிக் கூண்டைப் பார்த்தாள். வெள்ளி உடுப்பைப் பார்த்தாள். உள்ளே இருந்த முகத்தை நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"ஒருமுறைக்கு மேல் பார்ப்பது குற்றம்," என்றார் அதிகாரி.

"அதே ஆளுதான்," என்றாள் அவள், பின்னால் திரும்பி.

பச்சைமுத்து தயங்கினார். பிறகு அவரும் தலையைத் தூக்கி இரண்டாம் முறை பார்த்தார்.