ஒரு மூச்சு குறைகிறது

ஊழியர்கள் மனம் கலங்கினால் உடனே கவனிக்கப்பட வேண்டும் என்று மேலிடம் கருணையோடு உத்தரவிட்டது. அதன்படி ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு 'கண நேரக் கவன அறை' அமைய வேண்டும். கலங்கியவர் அதில் உட்கார்ந்து தம் மூச்சைச் சற்றே கவனித்தால் கலக்கம் தீர்ந்துவிடும். அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் அவசியம்.

எங்களுடையது தெருவிளக்குகளைப் பராமரிக்கும் அலுவலகம். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற அறை எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாடிக் கழிவறை. அதுவரை யாருக்கு அழுகை வந்தாலும் அங்கேதான் போவோம். குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்து, முகம் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்ப்போம். அந்த இடத்தைத்தான் மனக்கலக்கத்துக்கு மருந்தாக்கப் பறித்துக்கொண்டார்கள். பீங்கானைப் பெயர்த்து, மெத்தை போட்டு, வாசலில் 'இங்கே அழக்கூடாது' என்று எழுதி மாட்டினார்கள். அழுகைச் சத்தம் கவனத்தைக் கலைக்குமாம்.

கவன அலுவலராகப் பயிற்சி பெற்று வந்தவர் எங்கள் ஸ்டோர் கீப்பர். வாழ்நாளெல்லாம் பல்புக் கணக்குப் பார்த்ததால் எல்லோருக்கும் அவர் பல்பு சார். உள்ளே வந்த சரக்கும் வெளியே போன சரக்கும் ஒத்துப்போனால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மூச்சிலும் உள்ளே, வெளியே என்று இருப்பது தெரிந்ததும் மனிதர் பூரித்துப் போனார்.

அன்று காலை தபால் பிரிவு அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவருடைய அப்பா ஓயாமல் மகளைக் கேட்கிறாராம். அக்கா அழுதுகொண்டே மேலதிகாரியிடம் ஓடினார்.

"சார், அப்பாவுக்கு ரொம்ப முடியல. லீவு வேணும். இப்பவே போகணும்."

"எதுக்கும்மா லீவு?"

"மனசு பதறுது சார்."

"அதுக்குத்தான் அறை இருக்கே! போய் உக்காந்து அமைதியாகிட்டு வாங்க."

"அமைதியானா லீவு தருவீங்களா?"

"அமைதியாகிட்டா அப்புறம் எதுக்கும்மா லீவு?"

"ஆகலேன்னா?"

"பயிற்சி முடியலேன்னு அர்த்தம். பாதியில எப்படி விட முடியும்?"

இதில் எங்கே ஓட்டை என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. வாசலில் நின்று கேட்ட எங்களுக்கும்தான். மேலதிகாரியின் முகத்தில் உண்மையான அக்கறை தெரிந்தது. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

அறையில் பல்பு சார் கதவை அகலத் திறந்து வைத்து, மெத்தைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கண்காணிப்பு இல்லாமல் கவனம் கைகூடாது.

"இழுங்க. விடுங்க. இழுங்க. விடுங்க... நிறுத்துங்க! அஞ்சு உள்ள போயிருக்கு, நாலுதான் வெளிய வந்திருக்கு. மிச்சம் ஒண்ணு எங்கம்மா?"

"தொண்டையை அடைக்குது சார்."

"அடைச்சாலும் கணக்குல வந்தாகணும். மறுபடி முதல்லேர்ந்து."

இந்த முறை ஒரு பெருமூச்சு வந்தது. அதை ஒன்றாக எடுப்பதா இரண்டாக எடுப்பதா என்று பல்பு சார் மேலிடத்துக்குப் போன் போட்டார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அக்கா அழுகையை அடக்கி அடக்கி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பல்பு சார் அடுத்த பாடத்துக்குப் போனார். "கண்ணு முன்னாடி என்ன இருக்கோ அதை மட்டும் பாருங்க. பார்த்ததை அப்படியே சொல்லுங்க."

அக்கா ஜன்னல் வழியே பார்த்தார். "பஸ் ஸ்டாப் தெரியுது."

"நல்லது. இன்னும்?"

"ஆஸ்பத்திரி பஸ் வருது."

"பிரமாதம்! இப்ப மனசுல என்ன தோணுது?"

"நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்னு தோணுது."

அக்கா ஒரு மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு எழுந்தார். அறை வாசலில் கூடி நின்ற எங்களை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பயிற்சி பலித்தது அவருக்கு மட்டும்தான்.

"அம்மா! இழுத்ததை விட்டுட்டுப் போங்கம்மா!" என்று பல்பு சார் கத்தினார்.

நாங்கள் ஜன்னலில் முண்டியடித்தோம். அக்கா பஸ் ஏறுவதைக் கவனித்தோம். வாய்விட்டு அழுவதைக் கவனித்தோம். முன்பின் தெரியாத யாரோ எழுந்து இடம் கொடுத்ததையும் கவனித்தோம். துணைக்குப் போக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கவனிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதானே விதி!

மாலையில் சுற்றறிக்கை வந்தது. மனம் கலங்கியவர் ஒருவர்கூட இப்போது அலுவலகத்தில் இல்லை என்பதற்காக எங்களுக்குப் பாராட்டு. மேலும், அலுவலக வளாகத்தில் இழுக்கப்பட்ட ஒரு மூச்சு அனுமதியின்றி வெளியே கொண்டுபோகப்பட்டிருப்பதால், பல்பு உடைந்தால் செய்வது போலவே அந்த நஷ்டத்தை மற்ற ஊழியர்கள் பங்கிட்டு ஈடுகட்ட வேண்டும். நாளையிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் குறைவாக இழுத்தால் போதும்.

கைதட்டினோம். வரிசையில் நின்று கையெழுத்தும் போட்டோம்.

"அக்காவோட அப்பா எப்படி இருக்காராம்?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன்.

"உஷ்! இப்பவே பழகிட்டிருக்கேன். பேச வெச்சுடாதே."

எனக்குத் திடீரென்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழக்கதோஷத்தில் எழுந்து மாடிக் கழிவறைக்கு ஓடினேன்.

பல்பு சார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். "கொஞ்சமா இழுங்க."